பூங்காவைக் காக்க வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்?



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு நம்ம குழு எடுத்துக்கொண்ட தலைப்பு சுற்றுச்சூழல். அறிவிப்பு வந்த உடனே வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு பேர் கொட்டாவி விடுற படத்தை அனுப்பினாங்க. கோபம் இல்லை. ஆரம்பப் பள்ளியிலிருந்து இந்தத் தலைப்பில் நாம் எழுதாத கட்டுரையா? மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம், பூமித்தாயைக் காப்போம், நன்றி, வணக்கம்.

இது அந்தக் கட்டுரை இல்லை. மரத்தைக் காக்க வேண்டுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. காக்கணும்னு சொல்லிப் பதாகை பிடிக்கிற மனுஷங்க எதுக்காகப் பிடிக்கிறாங்க, பிடிக்காதவங்க ஏன் பிடிக்கலை என்பதுதான் கேள்வி. இதைப் படிக்க அமேசான் காட்டுக்குப் போக வேண்டாம். கோலாலம்பூரிலேயே, நம்ம தோட்டத் தமிழர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வழக்கு இருக்கிறது. முதலில் அதை நிதானமாகப் பார்ப்போம்.

புக்கிட் கியாரா

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்ற வசதியான குடியிருப்பை எல்லாருக்கும் தெரியும். அதை ஒட்டி இருக்கும் குன்று புக்கிட் கியாரா. இன்றைக்கு அங்கே சைக்கிள் பாதை இருக்கு, நடைபாதை இருக்கு. அதே குன்று நிலத்தில் ஒரு கோல்ஃப் கிளப்பும் ஒரு குதிரையேற்றக் கிளப்பும் இருக்கின்றன. பாதையை விட்டு மரங்களுக்குள் கொஞ்சம் பார்வையைச் செலுத்தினால் பழைய ரப்பர் மரங்கள் தெரியும். அது ஆதிக்காடு இல்லை. தோட்டம். நம்ம ஆளுங்க பால் வெட்டிய தோட்டம்.

அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில், அங்கே வேலை செய்த குடும்பங்கள் பக்கத்திலேயே தற்காலிக நீள வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். சுமார் 100 குடும்பங்கள். நிரந்தர வீடு வரும் என்று சொல்லப்பட்டது. அந்த வாக்குறுதியைக் கேட்டவர்கள் தாத்தா ஆகிவிட்டார்கள். அந்த நீள வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லை இவ்வளவு நீளமாக இழுக்க முடியும் என்பதை நான் எந்தப் பொறியியல் பாடத்திலும் படிக்கவில்லை.

நீள வீடுகளை ஒட்டி இருப்பது தாமான் ரிம்பா கியாரா, 25 ஏக்கர் பூங்கா. அந்த இடத்தில் 12 ஏக்கரை எடுத்து அடுக்குமாடி கட்ட ஒரு திட்டம் வந்தது. 1,766 சொகுசு சர்விஸ் அபார்ட்மெண்ட். கூடவே 350 கட்டுப்படியான விலை வீடுகள். நீள வீட்டுக் குடும்பங்களுக்கு அந்த 350-இல் இடம். நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் கையில். கட்டுவது தனியார் மேம்பாட்டு நிறுவனம். அனுமதி கொடுத்தது கோலாலம்பூர் மாநகர் மன்றம்.

2017 ஆகஸ்டில் தாமான் துன் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரி 27-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தி, அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று முடித்துவைத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

தீர்ப்பின் உள்ளடக்கத்தைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் என்பது டத்தோ பண்டார் விருப்பப்பட்டால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஒதுக்கலாம் என்ற காகிதம் இல்லை. சட்டப்படி வந்த ஆவணம். அதில் பொதுத் திறந்தவெளி என்று காட்டிய இடத்தில் கோபுரம் கட்ட விடுவதானால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அதோடு, அனுமதி கொடுக்கும் டத்தோ பண்டாருக்கே நிலம் வைத்திருக்கும் அறவாரியத்தில் பொறுப்பு இருந்தது. ஒரே ஆள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார முடியாதுதானே?

சுற்றுச்சூழல் வெற்றி என்று செய்தி பரவியது. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்க. மனுதாரர் வரிசையில் கொண்டோ நிர்வாகம், தாமான் துன் குடியிருப்பாளர்கள். எதிர்மனுதாரர் வரிசையில் டத்தோ பண்டார், அறவாரியம், மேம்பாட்டு நிறுவனம், நான்காவதாகப் புக்கிட் கியாரா நீள வீட்டுக் குடியிருப்பாளர் சங்கம். நம்ம ஆளுங்க மரத்துக்கு எதிர்ப்பக்கம்.

அப்படியென்றால் தமிழனுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று அர்த்தமா? இந்தக் கேள்வியை யாராவது சீரியஸாகக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தக் குன்றின் பச்சைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்டது கோபுரத்தை இல்லை, வீட்டை. வீடு கோபுரத்தோடு கட்டித்தான் வரும் என்று சொன்னதால் கோபுரத்தின் பக்கம் நின்றார்கள். மூணு தலைமுறை காத்திருந்தவனிடம் போய், இன்னும் கொஞ்சம் பொறு, இந்தப் பூங்காவில் அரிய பறவை இருக்கு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தாமான் துன் மக்களையும் சும்மா வில்லனாக்க முடியாது. நீள வீடு இருக்கும் நாலு ஏக்கர் இடத்திலேயே அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள், நாங்கள் ஆதரிக்கிறோம் என்று அவர்கள் தரப்பு சொல்லி வந்தது. அதை நான் மதிக்கிறேன். கணக்கையும் பார்க்கணும். மொத்தம் 2,116 வீடுகள். அதில் கட்டுப்படியான விலை வீடு ஆறில் ஒரு பங்கு. நீள வீட்டுக் குடும்பங்கள் 100 என்று வைத்தால், மொத்தத்தில் ஐந்து விழுக்காடு கூட வரலை. அந்த ஐந்து விழுக்காட்டின் முகத்தை முன்னால் நிறுத்தி, ஏழைக்கு வீடு கொடுக்கிறோம், பணக்காரன் தடுக்கிறான் என்று கதை சொல்லப்பட்டது. நம் மக்களின் கஷ்டம் இன்னொருத்தரின் லாபத்துக்குக் கேடயமாகப் போனது இது முதல் தடவையும் இல்லை.

தீர்ப்பு வந்த நாளில் மரங்கள் தப்பின. நீள வீட்டில் இருந்தவர்கள் அன்றைக்கும் நீள வீட்டில்தான் இருந்தார்கள்.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்

இப்போது கொஞ்சம் ஏட்டுப் படிப்பு. 1990களில் பால் ஸ்டெர்ன், தாமஸ் டீட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், மக்கள் சுற்றுச்சூழலுக்காக அக்கறைப்படுவதில் மூன்று விதமான மதிப்பீடுகள் வேலை செய்வதாக எழுதினார்கள். ஒன்று, எனக்கும் என் குடும்பத்துக்கும் என்ன ஆகும். இரண்டு, மற்ற மனிதர்களுக்கு என்ன ஆகும். மூன்று, மரத்துக்கும் மிருகத்துக்கும் அதனதன் பொருட்டே என்ன ஆகும். சுயம், பிறர், உயிர்க்கூட்டம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

புக்கிட் கியாரா வழக்கில் நின்ற ஒரு குடியிருப்பாளரைக் கற்பனை பண்ணிப் பாருங்க. 1,766 வீடு வந்தால் சாலையில் ஜாம். ஜன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொருத்தன் ஜன்னல். வீட்டு விலை இறங்குமோ என்ற பயம். பேரன் விளையாடும் இடம் போகும். கேட்காமல் அனுமதி கொடுத்துட்டாங்களே என்ற ஆத்திரம். கூடவே, நிஜமாகவே, அந்த மரங்கள் மேல் பாசம். இதில் எது உண்மையான காரணம்? எல்லாமே. ஒரு பாலத்தைத் தாங்குவது எந்தத் தூண் என்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா? சுமை பிரிந்துதான் இறங்குகிறது.

நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கு. யாராவது நல்லது செய்தால் உள்நோக்கத்தைத் தோண்டுவோம். வீட்டு விலைக்காகத்தான் கத்துறான் என்று சொல்லி முடித்துவிடுவோம். சுயநலம் கலந்திருப்பதாலேயே ஒரு கோரிக்கை பொய்யாகிவிடாது. சுயநலம் துளியும் இல்லாத போராட்டம் ரெண்டு வாரத்தில் கலைந்துபோகும் என்பது என் எண்ணம். ஆறு வருஷம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏற, ஏதோ ஒன்று வீட்டு வாசலைத் தொட்டிருக்க வேண்டும்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. இந்தப் போராட்டம் ஜெயித்தால் செலவு யார் தலையில்? 'என் பக்கத்தில் வேண்டாம்' என்று சொன்னால் அது யார் பக்கத்துக்குப் போகும்? நோக்கம் சுத்தமா என்று பார்ப்பதைவிட இது பயனுள்ள சோதனை.

வயிறு நிறைந்த பின்தான் பசுமையா?

மேற்கத்திய அறிஞர்களிடம் நெடுநாள் ஒரு கருத்து இருந்தது. ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்பவர் 1970களில் எழுதினார்: சோறு, வேலை, பாதுகாப்பு எல்லாம் கிடைத்த தலைமுறை அதற்கு மேலான விஷயங்களை, வாழ்க்கைத் தரம், சுதந்திரம் போன்றவற்றைத் தேடத் தொடங்கும். சுற்றுச்சூழல் அக்கறையையும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், முதலில் சோறு, பிறகு பச்சை.

கேட்கச் சரியாக இருக்கிறது. நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்றாங்க? முதல்ல டிகிரியை முடி, வேலையில சேரு, அப்புறம் மரத்தைக் காப்பாத்து.

இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவும் ஸ்பானியப் பொருளியலாளர் ஹுவான் மார்ட்டினெஸ் அலியரும் இதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ஏழைகளுக்கும் ஒரு சுற்றுச்சூழல் இயக்கம் உண்டு, அதற்கு அவர்கள் அந்தப் பெயரை வைப்பதில்லை, அவ்வளவுதான் என்றார்கள். சிப்கோ இயக்கமே சாட்சி. மரத்தைக் கட்டிப்பிடித்த இமயமலைப் பெண்கள் என்று பாடநூலில் படம் பார்த்திருப்போம். கதை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1973-இல் உழவுக் கருவி செய்ய ஊர் மக்கள் கேட்ட மரத்தைக் கொடுக்க மறுத்த வனத்துறை, விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு வெட்ட அனுமதி கொடுத்தது. ஏர் செய்ய மரம் இல்லை, டென்னிஸ் மட்டைக்கு மரம் உண்டு. மண்டல் கிராமம் பொங்கி எழுந்தது அதனால்தான். அடுத்த வருஷம் மார்ச் மாதம் ரேணி கிராமத்தில் ஆம்பளைங்க இல்லாத நேரத்தில் மரம் வெட்ட ஆள் வந்தபோது, கௌரா தேவி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மறித்தார். 1970-இல் அலக்நந்தா ஆற்றில் வந்த வெள்ளம் அவர்கள் நினைவில் இருந்தது. மலை மொட்டையானால் தண்ணி எங்கே வரும் என்று அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

அதாவது வயிறு நிறைந்ததால் வந்த பசுமை ஒன்று, வயிறு காய்ந்ததால் வந்த பசுமை ஒன்று. புக்கிட் கியாராவில் நடந்த சங்கடம், இந்த இரண்டும் எதிரெதிராக நிறுத்தப்பட்டதுதான்.

கோல லங்காட்: எல்லாரும் ஒரே பக்கம்

எப்போதும் அப்படித்தான் ஆகும் என்று இல்லை. 2020 பிப்ரவரி 5-ஆம் தேதி, கோல லங்காட் உத்தாரா வனக் காப்பகத்தின் காப்பு நிலையை நீக்கப் போகிறோம் என்று சிலாங்கூர் வனத்துறை நாளிதழில் அறிவிப்பு கொடுத்தது. 930.93 ஹெக்டர். மீதம் இருந்த காட்டில் 97 விழுக்காடு. அங்கே கலப்பு மேம்பாட்டுத் திட்டம்.

அறிவிப்பு ஏன் வந்தது என்பதைக் கவனியுங்க. சிலாங்கூரில் 2011-இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காப்பு நிலையை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த விதி இல்லாவிட்டால் நமக்குத் தெரியவே தெரிந்திருக்காது. முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்றார்கள். வந்த ஆட்சேபங்கள் 45,000-க்கும் மேல்.

யார் இந்த 45,000 பேர்? முன்னால் நின்றவர்கள் அங்கேயே வாழும் தெமுவான் பூர்வக்குடி மக்கள். புசுட் பாரு, புலாவ் கெம்பாஸ், புக்கிட் சீடிங் போன்ற கிராமங்கள். காடு அவர்களுக்கு மூலிகை, உணவு, முன்னோர் நினைவு. அடுத்து இயற்கை அமைப்புகள்: மெரந்தி பாக்காவ் போன்ற அருகிவரும் மரங்கள் அவர்கள் கவலை. அடுத்து கிள்ளான், பந்திங் பக்கத்துச் சாதாரண மக்கள். இவர்களுக்கு என்ன கவலை? புகை.

இங்கே கொஞ்சம் என் படிப்பை உள்ளே விடுகிறேன். அது பீட் சதுப்புக் காடு. பீட் என்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் தண்ணீருக்கடியில் முழுசாக மக்காமல் சேர்ந்து கிடக்கும் கருப்பு மண். ஈரமாக இருக்கும் வரை ஸ்பாஞ்சு மாதிரி மழைநீரைப் பிடித்துவைக்கும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் காய்ந்து, தரை தாழ்ந்து, தீப்பிடிக்கும். மேலே அணைத்தாலும் கீழே எரியும். கிள்ளான் ஜொஹான் செத்தியா பக்கம் பீட் எரிந்து புகை வந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்க. மெரந்தி பாக்காவ் மரத்தின் பெயரே தெரியாத அம்மா, பிள்ளைக்கு இன்ஹேலர் வாங்கிக் களைத்துப்போய் ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்து போட்டால் அந்தக் கையெழுத்து குறைந்ததா?

பிறகு நடந்தது ஒரு சீரியல் மாதிரி. 2020 நவம்பரில் காட்டைக் காக்க வேண்டும் என்று சிலாங்கூர் சட்டமன்றத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். 2021 ஆகஸ்ட் 30-இல், 536.7 ஹெக்டரின் காப்பு நிலை ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்பதை மந்திரி பெசார் உறுதிப்படுத்தினார். பெரிய எதிர்ப்பு. செப்டம்பர் 8-இல், முடிவு ரத்து, காடு மறுபடியும் காப்பகமாகும் என்று அறிவிப்பு. பத்து நாளுக்குள் ஓர் அரசாங்கம் பின்வாங்கியது. பூர்வக்குடி கிராமத்தலைவர், கிள்ளான் அம்மா, பறவை பார்க்கிறவர், எதிர்க்கட்சி, ஆளும் கட்சிக்குள்ளேயே சிலர், எல்லாரும் ஒரே பக்கம் நின்றதால்தான் அது நடந்தது. ஒவ்வொருத்தர் காரணம் ஒவ்வொன்று.

ஒரு மாநிலமே பின்வாங்கிய இந்த விஷயத்தில் நம் இளைஞர் இயக்கங்களின் குரலை நான் அதிகம் கேட்கவில்லை. கோல லங்காட்டும் பந்திங்கும் தமிழர் நிறைந்த வட்டாரம். அது நம்ம விஷயம் இல்லை என்று ஏன் தோன்றியது?

பத்துமலை: நம்ம விஷயம் ஆனபோது

நம்ம விஷயம் என்று தோன்றினால் நாம் எழுந்து நிற்போம். 2012 அக்டோபரில் பத்துமலை அருகே 29 மாடி கொண்டோ கட்டும் திட்டத்துக்கு எதிராகக் கோயில் நிர்வாகத்தின் தலைமையில் பெரிய கண்டனக் கூட்டம் நடந்தது. பக்தர்களுக்கு முருகன் மலைக்கு ஆபத்து வரக்கூடாது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்குச் சாலையும் வீட்டு அஸ்திவாரமும் கவலை. மலேசிய இயற்கைக் கழகத்துக்கு அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றே ஓர் உலகம். இருட்டுக் குகையில் இருக்கும் ஓர் ஆதிகாலச் சிலந்தியை விஞ்ஞானிகள் பத்துமலையின் பெயராலேயே அழைக்கிறார்கள். அரசியல்வாதிகளுக்கோ 2013 பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்தது உன் ஆட்சியா என் ஆட்சியா என்று அவர்கள் அடித்துக்கொண்டது தனி நாடகம்.

நமக்கு மலை சாமி. அவர்களுக்கு மலை உயிர்களின் வீடு. இரண்டு நோக்கமும் ஒரே கல்லைக் காத்தன. ஊர் எல்லையில் காவல் தெய்வத்துக்குத் தோப்பு விட்டவர்கள், கோயிலுக்குத் தலமரம் வைத்தவர்கள் நம் முன்னோர். பக்தியும் ஒரு சுற்றுச்சூழல் நோக்கம்தான், அதைச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லணும். 2018-இல் அந்த 272 படிகளுக்கும் வண்ணம் அடித்தபோது, மரபுடைமைச் சட்டப்படி அனுமதி கேட்கவில்லையே என்று தேசிய மரபுடைமைத் துறை கேட்டது. அப்போது நம்மில் பலர் கோபப்பட்டோம். கொண்டோ வந்தால் சட்டம் வேண்டும், படிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சட்டம் வேண்டாம். எல்லா மனுஷனுக்கும் இது இயல்பு, நமக்கு மட்டும் இல்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் ஆற்றோரம் கிடக்கும் குப்பையைப் பார்த்தால், மலை மேல் இருக்கும் பக்தி மலையடிவாரம் வரை இறங்கி வரவில்லையோ என்றும் தோன்றும்.

இதைச் செய்து காட்டிய ஒருவர்

சுற்றுச்சூழல் என்றால் வெள்ளைக்காரர் வேலை, படித்த நகரத்துக்காரர் வேலை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு பெயர்: எஸ். எம். முகமது இத்ரிஸ். 1926-இல் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்கு வந்த தமிழ் முஸ்லிம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். சஹாபாட் ஆலாம் மலேசியாவையும் 1970களில் தொடங்கினார். 1988-இல் அந்த அமைப்புக்கு ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2019 மே மாதம் மறைந்தார்.

அவர் பாதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது மரத்தில் தொடங்கவில்லை. சந்தைக்குப் போகிற மனுஷனிடம் தொடங்கியது. எடை சரியா, உணவில் கலப்படமா, விலை நியாயமா என்ற கேள்விகள். அதிலிருந்து மீனவனின் கடல், விவசாயியின் பூச்சிமருந்து, சரவாக் பூர்வக்குடியின் காடு என்று போனது. 'சுயம்' என்ற முதல் படியில் கால் வைத்து 'பிறர்' என்ற படிக்கு ஏறியது அந்த இயக்கம். புஸ்தகத்தில் படித்த ஸ்டெர்ன், டீட்ஸ் எனக்குப் புரிந்ததே இவரை வைத்துத்தான்.

ஜெஞ்சாரோமையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவை நிறுத்தியவுடன் அது இங்கே வந்து குவிந்தது. ராத்திரியில் எரித்த நெகிழியின் நாற்றம் தாங்காமல் ஊர் மக்களே ஆதாரம் திரட்டிப் புகார் கொடுத்து, சட்டவிரோதத் தொழிற்சாலைகளை மூட வைத்தார்கள். அவர்களைத் தட்டி எழுப்பியது மூக்கு.

நம்ம பக்கம்

இனி நம் இயக்கங்களைப் பற்றி, மனசுல பட்டதைச் சொல்கிறேன். நாம் செய்யும் சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கோத்தோங் ரோயோங். ஒரு ஞாயிறு காலை, டி-சட்டை, கையுறை, பதாகை, குழுப்படம், நாசி லெமாக். தப்பில்லை. ஆனால் ஆற்றில் குப்பை பொறுக்குகிறவன், அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் வீட்டுக்குப் போனால் அடுத்த ஞாயிறும் அங்கேதான் குனிய வேண்டும். கேட்டால் அது அரசியல் ஆகிவிடுமோ என்ற பயம் நமக்கு. அந்தப் பயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கு. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். இருக்கிற இடத்தையும் இழந்துவிடக்கூடாது என்று அடக்கமாக இருக்கக் கற்றுக்கொடுத்து வளர்த்தாங்க.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சொந்தமில்லாத இடத்தைக் காக்க மனசு வராது. நான் இருக்கும் சாலாக் செலாத்தான் பக்கம் ஒரு பிளாட்டில், கீழே இருக்கும் புல்தரையை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வாடகைக்கு இருக்கும் ஓர் அண்ணன், "நாளைக்கு நான் இங்க இருப்பேனான்னே தெரியாது, புல்லுக்கு நான் ஏன் சண்டை போடணும்?" என்றார். சோம்பேறி என்று அவரை ஒதுக்கிவிடலாம். ஆனால் மேலே புக்கிட் கியாராவைப் படித்த நாம் அப்படிச் சொல்ல முடியாது. வீட்டு உரிமையும் பசுமையும் வேறு வேறு கோப்பில் இருப்பது அரசாங்க அலுவலகத்தில் மட்டும்தான். அதே பிளாட்டில், மழை பெய்தால் காரைத் தூக்கி மேட்டில் நிறுத்தும் அங்கிள்களிடம் அந்தப் புல்தரை எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொன்னால், உடனே காது கொடுத்துக் கேட்பார்கள். மரத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால் வராதவர் காரின் பெயரைச் சொன்னால் வருவார். வரட்டுமே.

படிப்பு வட்டத்தில் பேச

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று விஷயம் யோசித்து வாருங்கள்.

புக்கிட் கியாரா நீள வீட்டில் நீங்கள் பிறந்திருந்தால் 2017-இல் எந்தப் பக்கம் கையெழுத்து போட்டிருப்பீர்கள்? ஒரு பாதிக் குழு நீள வீட்டுச் சங்கமாகவும், இன்னொரு பாதி தாமான் துன் குடியிருப்பாளர்களாகவும் உட்கார்ந்து பேசிப் பாருங்க. ஒரே நிபந்தனை: பத்து நிமிஷம் கழித்து இடம் மாற வேண்டும்.

கோல லங்காட் ஆட்சேபத்தில் நம் இயக்கம் கடிதம் எழுதியிருந்தால், எந்தக் காரணத்தை முதல் வரியில் போட்டிருப்போம்? பிள்ளைகளின் மூச்சு, பூர்வக்குடியின் நிலம், காட்டின் உயிர்கள். உண்மையாக எது உங்களை எழுத வைக்குமோ அதைச் சொல்லுங்க. அழகாக இருப்பதை வேண்டாம்.

மூன்றாவது வீட்டுப்பாடம். கோலாலம்பூரில் இருப்பவர்கள் கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040-ஐயும், சிலாங்கூரில் இருப்பவர்கள் தங்கள் நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்தையும் பார்த்து, உங்கள் தாமான், உங்கள் கோயில், உங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எந்த நிறத்தில் காட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் பச்சை எங்கே இருக்கிறது, அது போன முறையும் பச்சையாகத்தான் இருந்ததா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வரைபடம் புரியாதவர்கள் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வந்தால், நானும் சிவில் படிக்கும் இன்னும் ரெண்டு பேரும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்போம்.